எதுக்கு ஜப்பானிய மொழி?

இந்த நூல் உங்கள் கையில் இருப்பதைப் பார்த்து யாராவது நிச்சயம் கேட்டிருப்பார்கள்: "ஜப்பான்ல வேலை கிடைச்சிருக்கா?" இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்புறம் எதுக்கு?" கேட்டவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதை வாங்கி வைத்துக்கொண்டு, தனியாக இருக்கும்போது உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அதற்குத்தான்.

வேலைக்காகப் படிப்பவருக்குப் பாடத்திட்டத்தை வேறொருவர் வகுத்துத் தருகிறார். தேர்வுத் தேதியையும் வேறொருவரே குறிக்கிறார். படிக்காவிட்டால் நஷ்டம் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். பொழுதுபோக்காகப் படிப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஒருநாள் புத்தகத்தைத் திறக்காவிட்டால் கேட்பாரில்லை. ஒரு மாதம் திறக்காவிட்டாலும் கேட்பாரில்லை. அவர் எதற்காக ஆரம்பித்தாரோ அந்தக் காரணம்தான் பாடத்திட்டத்தின் வேலையையும் பார்க்கவேண்டும், தேர்வின் வேலையையும் பார்க்கவேண்டும். எதைப் படிக்கவேண்டும் என்று அது சொல்லும். எதைத் தைரியமாக விட்டுவிடலாம் என்றும் சொல்லும். இரண்டாவதுதான் பெரிய உதவி என்பது என் கருத்து.

ஏனென்றால் இந்த மொழியில் விடவேண்டியது அவ்வளவு இருக்கிறது. ஹிரகானா எழுத்துகள் 46. அதே ஒலிகளுக்குக் கடகானா எழுத்துகள் இன்னொரு 46. இவற்றுக்கு மேல் சீனத்திலிருந்து வந்த கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜிகள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்கு இரண்டு மூன்று உச்சரிப்புகள். மரியாதைப் பேச்சு தனியாக ஒரு பாடம். தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் அமெரிக்க அரசு நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் ஜப்பானியத்தை வைத்து, 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்குப் போட்டிருக்கிறது. இந்த எண்ணைக் கண்டு மிரளவேண்டாம். அது ஆங்கிலத்திலிருந்து புறப்படும் அதிகாரி, அலுவல் நடத்தும் அளவுக்குத் தேறுவதற்கான கணக்கு. நீங்கள் புறப்படும் இடமும் வேறு, போகவேண்டிய ஊரும் வேறு.

முதல் காரணம் மலிவாகவே இருக்கலாம்

பெரிய காரணம் இருந்தால்தான் தொடங்கலாம் என்று நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு டொனால்ட் கீனின் கதை மருந்து. 1940-இல் நியூயார்க்கில் கல்லூரி மாணவராக இருந்த அவர், டைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடை ஒன்றில் மீந்துபோன நூல்களின் குவியலில் 'கெஞ்சியின் கதை' என்ற பழைய ஜப்பானிய நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்தார். இரண்டு தொகுதிகள், விலை 49 சென்ட். வாங்கியதற்கு முக்கியக் காரணம் விலை மலிவு. படிக்கப் படிக்க அந்த உலகத்துக்குள் இழுக்கப்பட்டார். மறு ஆண்டு ஜப்பானிய மொழியைத் தொடங்கினார். போர் வந்து கடற்படையின் மொழிப் பள்ளிக்குக் கொண்டுபோனது. பிறகு பேராசிரியரானார், ஜப்பானிய இலக்கிய வரலாற்றை எழுதினார். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானிலேயே வாழ்வது என்று முடிவெடுத்து, 2012-இல் ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார். 2019-இல் 96 வயதில் அங்கேயே மறைந்தார். தொடக்கத்தில் இருந்ததோ 49 சென்ட் ஆர்வம்தான்.

அந்த நூலை மொழிபெயர்த்த ஆர்தர் வேலி இன்னும் சுவாரசியமானவர். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் கீழைநாட்டு ஓவியங்களைப் பட்டியலிடும் வேலைக்குச் சேர்ந்தவர், ஓவியங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காகச் சீனமும் ஜப்பானியமும் தானே கற்றுக்கொண்டார். 'கெஞ்சியின் கதை'யின் ஆங்கில வடிவம் 1925 முதல் 1933 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. வேலி கடைசிவரை ஜப்பானுக்குப் போகவே இல்லை. "ஜப்பானுக்குப் போகப்போவதில்லையே, பிறகு எதற்கு?" என்பவர்களிடம் இவர் பெயரைச் சொல்லலாம்.

நம் பக்கத்திலும் ஒரு எதிர்த்திசை உதாரணம் உண்டு. 1998-இல் 'முத்து' ஜப்பானில் திரையிடப்பட்டு ஓடு ஓடு என்று ஓடியது. அதன்பின் ரஜினிக்காகவே தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகிய, பாட்டு வரிகளை மனப்பாடம் செய்த, படம் வெளியாகும் நாளில் சென்னைக்கு விமானம் ஏறிய ஜப்பானியர்களை நாம் செய்திகளில் பார்த்திருக்கிறோம். அவர்களைப் பார்த்து நாம் யாரும் "தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கவில்லை. மகிழ்ந்தோம். அதே சலுகையை நமக்கும் கொடுத்துக்கொள்ளலாம்.

அனிமே என்றால் கூச்சப்படவேண்டாம்

ஜப்பான் அறக்கட்டளை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகெங்கும் உள்ள கல்வி நிறுவனங்களில் கணக்கெடுக்கிறது. 2021 கணக்கில் சுமார் 38 லட்சம் பேர் வகுப்புகளில் ஜப்பானியம் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தாமாகப் படிப்பவர்கள் இதில் சேர்த்தி இல்லை. ஏன் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களில் மொழியின் மீதுள்ள ஆர்வமும், அனிமே, மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஆர்வமும் முன்வரிசையில் நிற்கின்றன. ஆகவே "கார்ட்டூன் பார்க்கத்தான் படிக்கிறேன்" என்று சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை. டோரேமானையும் ஷின்சானையும் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது மிக இயல்பான வாசல்.

இந்தக் காரணத்தோடு வருகிறவர் காதிலிருந்து தொடங்கவேண்டும். தமிழிலோ வசன வரிகளோடோ ஏற்கெனவே பார்த்த ஒரு அத்தியாயத்தை எடுங்கள். கதை தெரியும் என்பதால் மனம் கதைக்குப் பின்னால் ஓடாது. ஜப்பானிய ஒலியில், வசன வரிகளை மறைத்துவிட்டு ஓடவிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பிடிக்க முயன்றால் பத்து நிமிடத்தில் களைத்துப்போவீர்கள். வாள் வீச்சும் மந்திரமும் நிறைந்த கதைகளைவிட, வீடும் பள்ளியும் கடைத்தெருவும் வரும் கதைகள் நல்லது. அவற்றின் சொற்கள் நாளைக்கும் உதவும்.

ஷின்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போய்விட்டு வீடு திரும்புகிறவர் "ததாய்மா" என்று சொல்வதும், வீட்டில் இருப்பவர் "ஒகாயேரி" என்று வரவேற்பதும் அங்கே வழக்கம். ஷின்சான் வீட்டுக்குள் நுழையும்போதே தானே "ஒகாயேரி" என்பான். அம்மா ஒவ்வொரு முறையும் திருத்துவாள். தமிழில் பார்க்கும்போது நழுவிப்போகும் இந்தக் குறும்பு, இரண்டே சொற்கள் தெரிந்ததும் புரிந்துவிடுகிறது. சிரிப்பு வந்த அந்த நொடியே உங்களை அடுத்த வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அனிமே கதாபாத்திரங்கள் பேசுவது போல ஜப்பானியர்கள் தெருவில் பேசுவதில்லை. வீரன், கிழவர், பணக்கார வீட்டுப் பெண் என ஒவ்வொரு வார்ப்புக்கும் கதைகளில் தனிப் பேச்சு உண்டு. நாயகன் தன்னை "ஒரே" என்பான், எதிரியை "தெமே" என்பான். அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அறிமுகமில்லாத ஒருவரிடம் பேசுவது, வடிவேலு வசனங்களில் தமிழ் கற்ற வெளிநாட்டுக்காரர் வங்கி மேலாளரிடம் போய் "ஏண்டா" என்று ஆரம்பிப்பதைப் போன்றது. கேட்பதற்கு அனிமே, பேசுவதற்குப் பாடநூல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'நான்' என்பதற்கு "வதாஷி"யும், வினையில் மரியாதையான "மஸ்" விகுதியும் எங்கேயும் உங்களைக் கைவிடாது.

அனிமே மட்டுமே காரணம் என்றால் கான்ஜியைக் கையால் எழுதிப் பழகவே வேண்டாம். இதைத் துணிந்து சொல்கிறேன். பள்ளிக்கூடப் பழக்கத்தில் நோட்டு நிறைய எழுதிக் களைத்துப்போய், பார்க்க நினைத்த தொடரைப் பார்க்காமலேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம்.

வாசிக்கும் ஆசை

தமிழ் வாசகர்களிடம் ஜப்பானிய நூல் எது என்று கேட்டால் பலர் முதலில் சொல்வது 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. தெத்சுகோ குரோயானாகி எழுதி 1981-இல் வெளிவந்த அந்த நூல் தமிழில் ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த புத்தகம். அதை மூலத்தில் படிக்கவேண்டும் என்பது எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணங்களில் ஒன்று. கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அத்தியாயங்கள் குட்டிக் குட்டியானவை. நடை ஒரு சிறுமியின் பார்வையை ஒட்டியது. ஜப்பானில் சிறுவர்களுக்கான பதிப்பும் உண்டு. அதுபோன்ற பதிப்புகளில் கான்ஜிக்குப் பக்கத்திலேயே அதன் உச்சரிப்பைச் சின்ன ஹிரகானா எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சிறுவர் மாங்கா இதழ்களிலும் இதே வசதி இருக்கிறது. கான்ஜி தெரியாதவர் அகராதியில் தேட ஒரு பிடி வேண்டுமே, அதை இந்தச் சின்ன எழுத்து தருகிறது. மாங்காவில் தொடங்க விரும்புகிறவர்களுக்குக் கியோஹிகோ அசுமாவின் 'யோத்சுபா தோ' பொருத்தம். ஐந்து வயதுக் குழந்தையின் அன்றாடம்தான் கதை. பேச்சும் அந்த அளவில்தான்.

ஹைக்கூ மீது பிரியம் இருந்தால் உங்கள் பாதை வேறு. பாரதி 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியதிலிருந்து ஹைக்கூ நமக்கு அறிமுகம். இன்று தமிழில் ஹைக்கூத் தொகுப்பு வெளியிடாத மாவட்டமே இருக்காது. மூலத்தில் படிக்க விரும்புகிறவருக்கு ஒரு வசதி, கவிதை சிறியது. ஒரு மாலைக்கு ஒரு கவிதை, அகராதியோடு உட்கார்ந்தால் போதும். 5-7-5 என்று எண்ணும் அலகும் தமிழ் யாப்பு படித்தவருக்கு அந்நியமாகத் தோன்றாது. அங்கேயும் நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று. 'தோக்கியோ' என்று நாம் எழுதும் நகரத்தின் பெயரில் இரண்டு உயிர்களும் நெடில். ஆகவே கணக்கில் நான்கு. 'ன்' என்ற மெய்க்கு மட்டும் நம்மைப் போல அரை கிடையாது, முழு ஒன்று. சங்கடம் என்னவென்றால் ஹைக்கூவின் பெருங்கவிஞர் பாஷோ 17-ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய இலக்கணம் இன்றைய பாடநூலில் இல்லை. ஹைக்கூவுக்காக வருகிறவர் பழைய வினை வடிவங்கள் சிலவற்றையும், பருவத்தைக் குறிக்கும் சொற்களையும் தனியாகத் தெரிந்துகொள்ளவேண்டும். பதிலுக்கு, உணவகத்தில் எப்படி ஆர்டர் செய்வது என்ற பாடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

தமிழர்களுக்கு மட்டும் உள்ள ஒரு காரணம்

மொழிகளின் உள்கட்டு எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதிலேயே சிலருக்கு இன்பம். அப்படிப்பட்டவர் தமிழராகவும் இருந்துவிட்டால் ஜப்பானியம் அவருக்கு விருந்து. ஆங்கிலக்காரர் தலைகீழாக நின்று கற்கும் சொல்வரிசை நமக்கு நேர்வரிசை: வினை கடைசியில், வேற்றுமைக் குறி பெயருக்குப் பின்னால். 'வதாஷி' என்றால் நான். 'வதாஷி மோ' என்றால் நானும். 'தபேதே மிரு' என்பதில் முதல் சொல் 'சாப்பிட்டு', இரண்டாவது 'பார்'. நாம் சொல்லும் அதே பொருளில்தான் அவர்களும் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். 'செய்து வை' என்பதற்கும் அங்கே அதே அமைப்பு உண்டு. சுட்டுகளில் இன்னொரு வியப்பு. பேசுகிறவருக்கு அருகில், கேட்பவருக்கு அருகில், இருவருக்கும் தொலைவில் என்று ஜப்பானியத்தில் மூன்று சுட்டு. தமிழகத்தில் நாம் இழந்துவிட்ட நடு 'உ'வை யாழ்ப்பாணத்தார் 'உது', 'உவர்' என்று இன்னும் பேச்சில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தில் அவர்கள் நம்மை முந்திவிடுவார்கள்.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு வியந்து சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இதே சொல்வரிசை கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட இருக்கிறது. ஆகவே ஒற்றுமையை ரசியுங்கள், அதனால் கிடைக்கும் வேகத்தை அனுபவியுங்கள். 'தமிழே மூத்தது' என்று நிறுவுவதற்காக மட்டும் இந்த மொழிக்குள் வராதீர்கள். அந்தக் காரணம் சொற்பட்டியல்களோடு நின்றுவிடும், ஒரு பத்தியைக்கூடப் படிக்க வைக்காது. கான்ஜி என்று வந்துவிட்டால் தமிழருக்குத் தனிச் சலுகையும் கிடையாது.

பயணம், கராத்தே, தேர்வு

பத்து நாள் சுற்றுலாவுக்காகப் படிப்பவருக்கு நேரடியான யோசனை: முதலில் கடகானா. காபி, பீர், ஐஸ்கிரீம் போன்ற வெளிநாட்டுச் சொற்கள் பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் இருக்கும். படித்ததும் பொருளும் புரிந்துவிடும். அதோடு எண்கள், விலை கேட்பது, மீனும் இறைச்சியும் இல்லாத உணவைப் பற்றிக் கேட்பது. சைவர்கள் இந்தக் கடைசிப் பாடத்தை நன்றாகவே படிக்கவேண்டும். காய்கறி உணவு போலத் தெரிவதிலும் மீன் வேகவைத்த சாறு கலந்திருப்பது அங்கே சாதாரணம்.

கராத்தே, ஜூடோ வகுப்புக்குப் போகிறவர்கள் 'இச்சி, நி, சன்' என்று எண்ணியபடியே பாதி மொழிக்குள் வந்துவிட்டதாக நினைப்பதுண்டு. கட்டளைச் சொற்களின் பொருளை மட்டும் அறிவதுதான் ஆசை என்றால் ஒரு மாதப் படிப்பு போதும். அதோடு நிறுத்துவதில் தவறேதும் இல்லை.

தேர்வைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஐந்து நிலைகள் கொண்டது. என்5 எளிது, என்1 கடினம். இந்தியாவில் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறன்று நடக்கும்; சென்னையிலும் மையம் உண்டு. கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பேசிக் காட்டவும் வேண்டாம், சொந்தமாக எழுதிக் காட்டவும் வேண்டாம். தேதி குறித்தால்தான் படிப்பேன் என்ற சுபாவம் உள்ளவர் தாராளமாகப் பதிவு செய்யலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பிடித்ததைப் படிக்க வந்தவரின் மாலைகளைத் தேர்வு வினாக்கள் தின்றுவிடுகின்றன. ஆசைப்பட்ட மாங்கா அலமாரியிலேயே கிடக்கிறது.

காரணத்தை எழுதும் விதம்

ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் காரணத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "ஜப்பானிய மொழியில் புலமை பெறவேண்டும்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அது முடிந்ததா இல்லையா என்று ஒருநாளும் தெரியாது. "டோட்டோ-சானின் முதல் அத்தியாயத்தை அகராதியோடு படிக்கவேண்டும்", "ஷின்சான் ஒரு பகுதியை வசன வரி இல்லாமல் பார்த்துச் சிரிக்கவேண்டும்", "என் மகளின் ஜப்பானிய மாமியாரோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசவேண்டும்" என்பவை நல்ல வாக்கியங்கள். இவற்றுக்குள் ஒரு பொருளோ ஆளோ இருக்கிறது, முடிவும் இருக்கிறது. வாக்கியத்துக்குக் கீழே, அதற்குத் தேவைப்படாத ஒன்றையும் எழுதுங்கள்: கையெழுத்தா, மரியாதைப் பேச்சா, வேகமாகப் பேசுவதா, எது என்று. அதை ஆறு மாதம் தொடக்கூடாது.

காரணம் மாறும். அனிமேக்காக வந்தவர் சமையலுக்குப் போவார். பயணத்துக்காக வந்தவர் கான்ஜியின் வடிவத்தில் மயங்கித் தூரிகை வாங்குவார். மாறினால் புதிய வாக்கியத்தை எழுதிவிட்டுப் பாடத்திட்டத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். காரணமே வற்றிப்போனால் நிறுத்திவிடுங்கள். பொழுதுபோக்குக்கு அபராதம் கிடையாது.

அடுத்த அத்தியாயம் ஹிரகானா. நோட்டில் வாக்கியத்தை எழுதியபின் அதைத் திறங்கள். கராத்தேக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அந்த 46 எழுத்துகளிலிருந்து விலக்கு இல்லை.